கறுப்புப் பொடிக்குள் நீலம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு வீடு. மேசையில் நீலக் கரையிட்ட பீங்கான் கோப்பை. சமையலறைத் தட்டில் அம்மம்மா காலத்து எனாமல் குவளை. விளிம்பில் வெள்ளை பெயர்ந்து, அடியில் கருநீலம் தெரிகிறது. சுவரோரம் கைத்தொலைபேசி சார்ஜில் கிடக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளையின் இரசாயனவியல் கொப்பி விரித்தபடி இருக்கிறது. அம்மாவின் விரலில் செட்டியார் தெருவில் வாங்கிய நீலக்கல் மோதிரம்.

இவற்றில் முதல் நான்கையும் ஒரே ஒரு பொடி இணைக்கிறது. ஐந்தாவதான மோதிரத்தில் அந்தப் பொடியின் மூலகம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அந்தக் கல்லை முதலில் சந்தேகிக்கவோ நம்பவோ தொடங்குவார்கள். அந்தப் பொடியின் பெயர் கோபால்ட் ஒட்சைட்டு. கையில் எடுத்தால் கரிப்பொடி போலக் கறுப்பாக இருக்கும். நீலத்தின் சாயலே அதில் கிடையாது. நீலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

இரண்டு ஒட்சைட்டுகள்

கோபால்ட்டும் ஒட்சிசனும் சேர்வதில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்றில் ஒரு கோபால்ட் அணுவுக்கு ஓர் ஒட்சிசன் அணு. சாம்பலும் ஒலிவ் பச்சையும் கலந்த நிறம், எடையில் 78.6 சதவீதம் கோபால்ட். உருகுவதற்கு ஏறத்தாழ 1930 பாகை செல்சியஸ் வேண்டும். மற்றதில் மூன்று கோபால்ட்டுக்கு நான்கு ஒட்சிசன். இதுதான் சந்தையில் பெரும்பாலும் விற்கப்படும் கறுப்புப் பொடி. எடையில் 73.4 சதவீதம் கோபால்ட்.

கோபால்ட்டின் ஐதரொட்சைட்டையோ காபனேற்றையோ காற்றில் சில நூறு பாகை வெப்பத்தில் வாட்டினால் கறுப்பு ஒட்சைட்டு கிடைக்கும். 900 பாகையைத் தாண்டி மேலும் சூடாக்கினால் அது ஒட்சிசனை வெளிவிட்டு முதல் வகையாக மாறும். அப்படி மாறும்போது எடையில் ஏறத்தாழ 6.6 சதவீதம் குறையும். மாறியதைக் காற்றிலேயே மெதுவாக ஆறவிட்டால் இழந்த ஒட்சிசனைத் திரும்ப வாங்கிக் கறுப்பாகிவிடும். அதனால் சாம்பல் பச்சை ஒட்சைட்டு வேண்டுமென்றால் ஆலைகளில் நைதரசன் போன்ற வாயுவின் காவலில் ஆறவைக்கிறார்கள்.

வெப்பத்தில் ஒட்சிசனை விட்டுவிடும் இந்தக் குணத்தை வாசகர் மனதில் வைத்திருக்க வேண்டும். பீங்கான் சூளையில் ஒரு தொல்லையாகவும், கைத்தொலைபேசியில் ஓர் ஆபத்தாகவும் அது திரும்ப வரும்.

முதல் வகை ஒட்சைட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் கோபால்ட் அயன்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். ஏறத்தாழ 18 பாகைக்குக் கீழே இந்தச் சிறு காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். அதற்கு மேலே அணி கலைந்துவிடும். இந்த எல்லைக்கு, இத்தகைய காந்த ஒழுங்கை விளக்கி 1970இல் நோபல் பரிசு பெற்ற லூயி நீலின் பெயரை வைத்திருக்கிறார்கள். கொழும்பின் புழுக்கத்தில் கலைந்து கிடக்கும் அதே பொடியை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால், இரவுக் குளிரில் உள்ளே அணி சேர்ந்துவிடும். வெளியே பார்ப்பவர்க்கு எந்த மாற்றமும் தெரியாது.

நிறத்தைத் தீர்மானிப்பது அயல்

விரித்த கொப்பிக்கு வருவோம். கோபால்ட் குளோரைட்டை நீரில் கரைத்தால் இளஞ்சிவப்பு. அதில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் நீலம். குளிர்நீரில் வைத்தால் மறுபடியும் இளஞ்சிவப்பு. உயர்தர வகுப்பில் சமநிலையை விளக்கக் காட்டும் பரிசோதனை இது. மாணவர்கள் வெப்பநிலையின் விளைவை எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். நிறம் ஏன் மாறியது என்று ஒரு நிமிடம் நின்று கேட்டால், கோபால்ட்டின் முழு இரகசியமும் அங்கேயே கிடைக்கும்.

இளஞ்சிவப்பு நிலையில் ஒவ்வொரு கோபால்ட் அயனையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கின்றன. நீல நிலையில் நான்கு குளோரைட்டு அயன்கள் மட்டும். அயனின் ஏற்றம் மாறவில்லை. ஓர் இலத்திரனும் கூடவில்லை, குறையவில்லை. மாறியது அயல்தான். ஆறு பேர் சுற்றி நிற்கும் அமைப்பில் முன்னும் பின்னும் மேலும் கீழும் எல்லாம் சமச்சீர். அந்தச் சமச்சீர் கோபால்ட் ஒளியை விழுங்குவதற்கு ஒரு தடையாக நிற்கிறது. நால்வர் நடுவே அந்தத் தடை தளர்கிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பின் பெரும்பகுதி ஆகியவற்றை அது பலமாக உறிஞ்சி நீலத்தை விட்டுவிடுகிறது.

பீங்கான் மேல் படரும் கண்ணாடிப் பூச்சிலும் இதுவேதான் நடக்கிறது. கறுப்புப் பொடி உருகிய சிலிக்காவில் கரையும்போது கோபால்ட் அயன் ஒவ்வொன்றும் நான்கு ஒட்சிசன்களின் நடுவே போய் அமர்கிறது. அதனால் நீலம். பொடியாக இருக்கையில் அது ஏன் கறுப்பு? அங்கே இரண்டு ஏற்றமுள்ள கோபால்ட்டும் மூன்று ஏற்றமுள்ள கோபால்ட்டும் அடுத்தடுத்து வாழ்கின்றன. அவற்றினூடே இலத்திரன்கள் இடம்மாறுவதில் கட்புலனாகும் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுவிடுகிறது.

இந்த நீலத்தின் வீரியம் பெரிது. பூச்சுக் கலவையில் நூற்றுக்கு ஒரு பங்கு கோபால்ட் ஒட்சைட்டே ஆழ்ந்த நீலம் தந்துவிடும். கால் பங்குகூடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். செம்பும் இரும்பும் சூளையின் காற்றுக்கேற்ப நிறம் மாறும். கோபால்ட் பெரும்பாலும் மாறாது. 1300 பாகையைத் தொடும் பீங்கான் சூளையையும் தாங்கும். ஒரு தொல்லை மட்டும் உண்டு: கறுப்பு ஒட்சைட்டு சூளைக்குள் ஒட்சிசனை விடும்போது பூச்சில் குமிழியும் ஊசித்துளையும் விழலாம். அதனால் சூட்டின் வேகத்தைக் கவனித்து ஏற்றுவார்கள். பொடியைச் சரியாக அரைக்காவிட்டால் புள்ளி புள்ளியாக நீலம் தெறித்து நிற்கும்.

இலங்கைப் பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைப் பொருள்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. கொழும்புக்கு அருகே பொரலஸ்கமுவையிலும் தெற்கே மீட்டியாகொடையிலும் வெண்களி. மாத்தளைப் பக்கம் பெல்ட்ஸ்பார். நொரிட்டேக் லங்கா போர்சலின் மாத்தளையில் 1972இலும் தங்கொட்டுவ போர்சலின் 1984இலும் உருவானதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். கோபால்ட் மட்டும் நம் மண்ணில் அகழப்படுவதில்லை. வெள்ளை நம்முடையது, நீலம் எப்போதும் கப்பலில் வந்தது.

காலிக் கல்வெட்டும் நெடுந்தீவும்

அந்தக் கப்பலின் கதைக்குக் கொழும்பிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைப் பார்க்கலாம். சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தை ஒட்டி 1409ஆம் ஆண்டுத் திகதியோடு பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. அவர் தேவந்துறையில் கோயில்கொண்ட திருமால்.

சீனம், பாரசீகம், தமிழ் என்ற இந்த மூன்று மொழிகளும் அக்கால இந்துமாக்கடல் வணிகத்தின் மொழிகள். சீனப் பீங்கானின் புகழ்பெற்ற நீல ஓவியத்துக்கு அந்த நூற்றாண்டில் சீனர் விரும்பித் தேடிய கோபால்ட் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தது. காசான் நகருக்கு அருகே கம்சார் என்னும் ஊரின் தாது பேர்பெற்றது. இறக்குமதியான அந்தக் கோபால்ட்டில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. அதனால் அக்காலத்துச் சீன நீலத்தில் தூரிகை அழுத்திய இடங்களில் கருமையான திட்டுகள் விழுந்தன. குறையாக இருந்த அந்தத் திட்டுகளையே இன்று வல்லுநர்கள் காலத்தைக் கணிக்கும் அடையாளமாகப் பார்க்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லின் முன் நிற்கும் தமிழ்ப் பிள்ளை, தன் மொழி அந்த வணிகத்தின் நடுவே இருந்ததைப் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டரை நூற்றாண்டு கழித்து ஒல்லாந்தர் வந்தனர். கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் அவர்களை நினைவூட்டுகிறது. வடக்கே அவர்கள் நெடுந்தீவுக்குத் தம் நாட்டு நகரம் ஒன்றின் பெயரை வைத்தார்கள்: டெல்ஃப்ட். அந்த நகரத்தின் புகழ் என்ன? சீனப் பீங்கானைப் பார்த்து, வெள்ளீய ஒட்சைட்டால் வெளுத்த பூச்சின் மேல் கோபால்ட்டால் நீலச் சித்திரம் தீட்டிய மட்பாண்டம். நம் தீவொன்றின் பெயர் இன்றும் உலக வரைபடத்தில் ஒரு கோபால்ட் நீல ஊரின் பெயராகவே இருக்கிறது.

ஐரோப்பாவுக்கான கோபால்ட் சாக்சனி மலைச் சுரங்கங்களிலிருந்து வந்தது. வெள்ளித் தாது என்று நம்பி உருக்கியபோது வெள்ளி வரவில்லை. ஆசனிக்குப் புகைதான் வந்து ஆளைக் கொன்றது. சுரங்கத்தில் வாழும் 'கோபொல்ட்' என்ற குட்டிப்பூதத்தின் வேலை இது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். 1735 அளவில் சுவீடனின் கேயோர்க் பிராண்ட் அந்தத் தாதுவுக்குள் புதியதோர் உலோகம் இருப்பதைக் காட்டினார். பூதத்தின் பெயர் மூலகத்துக்கு நிலைத்தது.

குவளையின் அடியில் இருக்கும் கருநீலம்

எனாமல் குவளையின் வெள்ளை உடைந்த இடத்தில் கருநீலம் தெரிவது ஏன்? எனாமல் என்பது உருக்கின் மேல் உருக்கிப் படரவிட்ட கண்ணாடி. கண்ணாடியும் உருக்கும் எளிதில் ஒட்டா. அடிப்பூச்சில் சிறிதளவு கோபால்ட் ஒட்சைட்டைச் சேர்த்தால், 800 பாகையை ஒட்டிய சூட்டில் உருக்கில் உள்ள இரும்பு கோபால்ட்டின் ஒட்சிசனைப் பறிக்கிறது. கோபால்ட் உலோகமாக ஒதுங்குகிறது. இரும்பின் முகம் அரிபட்டுச் சொரசொரப்பாகிறது. அந்தச் சொரசொரப்பைக் கண்ணாடி பற்றிக்கொள்கிறது. நீலம் அங்கே அழகுக்காக இல்லை. ஒட்டவைக்கும் வேலையின் உபரி அது. மேலே வெள்ளைப் பூச்சு அதை மறைத்துவிடும். பாட்டி காலத்துக் குவளை இன்றும் உழைக்கிறதென்றால் அந்த மறைந்த அடிப்பூச்சுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கண்ணாடி ஆலையில் இந்தப் பொடிக்கு நேர்மாறான வேலையும் உண்டு. மணலில் ஒட்டியிருக்கும் இரும்பு கண்ணாடிக்கு மஞ்சள் பச்சைச் சாயல் தரும். செலினியத்தோடு துளியினும் துளியாகக் கோபால்ட் சேர்த்தால் சாயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து கண்ணாடி நிறமற்றதாகத் தோன்றும். நிறம் கொடுக்கும் பொருளே நிறத்தை மறைக்கவும் உதவுகிறது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் சுவாலைச் சோதனைக்கு நீலக் கண்ணாடித் துண்டு தருவார்கள். அது கோபால்ட் கண்ணாடி. சோடியத்தின் அடங்காத மஞ்சள் ஒளி 589 நானோமீற்றரில் இருக்கிறது. கோபால்ட் அதை விழுங்கிவிடும். பின்னால் ஒளிந்திருந்த பொற்றாசியத்தின் ஆழ்ந்த சிவப்பு வெளிப்படும். கோபால்ட் சிவப்பின் கடைக்கோடியை விழுங்குவதில்லை என்ற இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போவோம்.

செட்டியார் தெருவில் ஒரு வடிகட்டி

இரத்தினபுரி நீலக்கல்லின் நீலத்துக்குக் காரணம் கோபால்ட் இல்லை. அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்கில் இரும்பும் டைட்டேனியமும் அருகருகே அமர்ந்து ஒளியை உறிஞ்சுவதால் வரும் நிறம் அது. இது தெரியாத காலத்தில், நீலம் என்றால் கோபால்ட்தான் என்று எண்ணி செயற்கை நீலக்கல் செய்ய முயன்றார்கள். பிரான்சில் வெர்னுய் சுவாலையில் உருக்கிப் பளிங்கு வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அவரது மாணவர் லூயி பாரிஸ் சில ஆண்டுகளின்பின் அலுமினியம் ஒட்சைட்டில் கோபால்ட்டைச் சேர்த்துப் பார்த்தார். நிறம் சீராகப் பரவவில்லை. பரவட்டும் என்று மக்னீசியம் ஒட்சைட்டைச் சேர்த்தார். அழகான நீலக் கல் வந்தது; ஆனால் அது நீலக்கல்லே இல்லை. ஸ்பைனல் என்னும் வேறு கனியம். அன்றிலிருந்து கோபால்ட் நீலச் செயற்கை ஸ்பைனல் உலகெங்கும் நீலக்கல்லின் போலியாகப் போகிறது.

இதில் ஒரு சுவையான பொருத்தம் இருக்கிறது. கறுப்புக் கோபால்ட் ஒட்சைட்டின் உள்ளமைப்பும் ஸ்பைனல் அமைப்புத்தான். 1802இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் தெனார் உருவாக்கிய கோபால்ட் நீல வண்ணமும், கோபால்ட்டும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த ஸ்பைனல்தான். சூளைப் பொடி, ஓவியரின் வண்ணம், மோதிரக் கல் மூன்றுக்கும் வீட்டுத் திட்டம் ஒன்றே. குடியிருப்போர் மட்டும் வேறு.

போலியைப் பிடிக்க 1934இல் இலண்டனில் செல்சி வடிகட்டி உருவாக்கப்பட்டது. ஆழ்ந்த சிவப்பையும் கொஞ்சம் மஞ்சள் பச்சையையும் மட்டும் விடும் சிறு கண்ணாடி. கோபால்ட் ஏறிய கல் அதனூடே சிவப்பாகத் தெரியும். இலங்கையின் இயற்கை நீலக்கல் பெரும்பாலும் கறுத்த பச்சையாகத் தெரியும். ஆனால் இந்தச் சோதனை ஒரு துப்பு மட்டும்தான். இலங்கையின் ஆற்றுப் படுகைகளில் இயற்கையாகவே கோபால்ட் கொண்ட நீல ஸ்பைனலும் கிடைக்கிறது. அது அரியது, விலை மிக்கது. அதுவும் வடிகட்டியில் சிவக்கும். சிவந்தவுடன் போலி என்று தூக்கி வீசியவர் ஒரு பொக்கிஷத்தை இழந்திருக்கலாம். ஆய்வுகூடச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

சட்டைப்பையில் இருக்கும் ஒட்சைட்டு

இன்று கோபால்ட்டின் மிகப் பெரிய பயன் மின்கலங்களில். 1980இல் ஒக்ஸ்போர்டில் ஜோன் குட்இனஃப்பும் அவரது குழுவினரும் இலித்தியம் கோபால்ட் ஒட்சைட்டை மின்கலத்தின் நேர்முனைப் பொருளாக முன்வைத்தார்கள். 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் குட்இனஃப், விற்றிங்காம், யொஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கறுப்புக் கோபால்ட் ஒட்சைட்டையும் இலித்தியம் காபனேற்றையும் கலந்து காற்றில் 900 பாகையை ஒட்டி வாட்டுவார்கள். கிடைப்பது அடுக்கடுக்கான பொருள்: கோபால்ட்டும் ஒட்சிசனும் சேர்ந்த தட்டுகள், தட்டுகளின் இடையில் இலித்தியம். சார்ஜ் ஏறும்போது இலித்தியம் புறப்பட்டு மறுமுனையில் உள்ள காரீயத்துக்குப் போகிறது. பாவிக்கும்போது திரும்பி வருகிறது. இலித்தியம் ஏறத்தாழப் பாதி போனால் போதும். அதற்கு மேல் இழுத்தால் தட்டுகள் நிலைகுலையும். சார்ஜரும் தொலைபேசியும் மின்னழுத்தத்தை ஓர் அளவோடு நிறுத்துவதன் காரணம் இதுதான்.

சார்ஜ் ஏறிய நிலையில் இந்தப் பொருள் மிகவும் சூடானால் ஒட்சிசனை வெளிவிடும். சூளையில் நாம் பார்த்த அதே குணம். உள்ளே எரியக்கூடிய திரவமும் இருப்பதால் தீ தன் காற்றைத் தானே கொண்டுவருகிறது. காலி வீதியின் திருத்தும் கடைகளில் உப்பிய பற்றரியைக் கத்தியால் நெம்பி எடுப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. உப்பிய பற்றரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது. சார்ஜில் போடவும் கூடாது.

வேறு இடங்களிலும் கோபால்ட் வேலை செய்கிறது. ஒட்சைட்டை ஐதரசனால் தாழ்த்தினால் கிடைக்கும் உலோகப் பொடிதான் சுவர் துளைக்கும் துரப்பண முனையில் தங்ஸ்தன் காபைட்டுத் துகள்களைப் பிணைக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்க, மொலிப்டினத்தோடு சேர்ந்து ஊக்கியாகிறது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் நிற்கும் பைபர் படகுகள் போன்றவற்றின் பிசினை இறுகவைக்கப் பயன்படும் ஊதாத் திரவம் பெரும்பாலும் கோபால்ட் உப்புத்தான். அதை வன்மைப்படுத்தும் பெரொட்சைட்டோடு நேரே கலக்கக் கூடாது, வெடிக்கும். இரண்டையும் தனித்தனியே பிசினில் சேர்ப்பதே முறை.

பொடியின் தூசும் விளையாட்டில்லை. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைப் பாதிக்கும். தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். முதல் வகை ஒட்சைட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியமுள்ள பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. பொடியை அளப்பவர் முகமூடி அணிய வேண்டும்; உலர்ந்த பொடியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சூளையில் கரைந்து சரியாக இறுகிய கோப்பையில் சோறு உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை.

கடலடியும் கொங்கோவும்

உலகில் அகழப்படும் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் கொங்கோ சனநாயகக் குடியரசின் தெற்கிலிருந்து வருகிறது. அங்கே பெரிய சுரங்கங்களோடு, கையால் தோண்டும் மக்களும் இருக்கிறார்கள். சிறுவர்களும் அந்த வேலையில் இருப்பதை 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபை அறிக்கையாக வெளியிட்டது. 2025 பெப்ரவரியில் கொங்கோ கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தியபோதும் ஒக்டோபரில் ஒதுக்கீட்டு முறையில் மீண்டும் திறந்தபோதும் உலகச் சந்தை அந்த ஒரு நாட்டின் வாயைப் பார்த்து நின்றது.

அதனால் நாடுகளின் பார்வை கடலுக்கடியில் திரும்புகிறது. வெள்ளவத்தைக் கரையிலிருந்து தெற்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், நிலநடுக்கோட்டையும் தாண்டி, அஃபனாசி நிக்கிதின் என்னும் கடலடி மலை இருக்கிறது. அதன் பாறைகளில் கோபால்ட் செறிந்த இரும்பு மாங்கனீசுப் படலம் படிந்திருக்கிறது. கடல்நீரில் மிகச் சொற்பமாக இருக்கும் கோபால்ட்டை மாங்கனீசு ஒட்சைட்டு பிடித்து, மூன்று ஏற்ற நிலைக்கு மாற்றிப் பூட்டி வைக்கிறது. பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீற்றர்தான் வளரும். 2009 மே மாதம் இலங்கை, தன் கண்டத்திட்டின் நீட்சியாக வங்கக் கடலுக்குத் தெற்கே பரந்த ஒரு கடலடிப் பரப்பைக் கோரி ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்தது. 2024 ஜனவரியில் இந்தியா அந்த மலையை ஆராயும் உரிமையைக் கேட்டு யமேக்காவில் உள்ள சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபைக்கு விண்ணப்பித்தது. இரண்டு கோரிக்கைகளும் ஒரே இடத்தில் மோதுகின்றன.

அந்தப் படலத்தைச் சுரண்டினால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் வளர்ந்ததும் அதன் மேல் வாழும் உயிர்களும் ஒரே நாளில் போய்விடும். திரும்ப வளர மனித இனத்துக்குக் காத்திருக்கக் காலம் இல்லை. அதைத் தொடுமுன், ஏற்கெனவே தோண்டியெடுத்ததை நாம் என்ன செய்கிறோம் என்று கேட்பதே நேர்மை. மின்கலத்தில் இருக்கும் கோபால்ட் தேய்ந்துபோவதில்லை. பழைய மின்கலத்தை அமிலத்தில் கரைத்து, கோபால்ட்டைப் பிரித்து, வாட்டினால் மறுபடியும் அதே கறுப்பு ஒட்சைட்டு. ஒரு கைத்தொலைபேசியில் சில கிராம். ஒரு மாடிக் குடியிருப்பின் அலுமாரிகளில் கிடக்கும் பழைய தொலைபேசிகளைச் சேர்த்தால் அது ஒரு சிறு சுரங்கம்.

உங்கள் வீட்டு இழுப்பறையை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். பாவிக்காத தொலைபேசியோ பற்றரியோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். அந்தக் கறுப்புப் பொடியைக் கொங்கோவில் ஒரு சிறுவன் இன்னொரு தடவை தோண்ட வேண்டியதில்லை.